பைபாஸ் முடிந்த உடம்பும் தண்ணீர்க் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய ரத்தக் குழாயில் அடைப்புக்கு மாற்றுவழி போடும் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர் வீடு திரும்பியதும் வீட்டில் இரண்டு குரல் கேட்கும். “தண்ணி நிறையக் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்” என்பது ஒன்று. “வாய் வறண்டு கிடக்கிறார், ஒரு டம்ளர் கொடுத்தா என்ன?” என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எந்த நாளுக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். அதற்கு உதவவே இந்தப் பக்கம்.

1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸைச் செய்தபோது அது அபூர்வமான அறுவை. இன்று ஒரு தெருவில் ஒருவராவது அந்தத் தழும்போடு இருக்கிறார். ஆபரேஷன் பெருகிய அளவுக்கு, வீட்டில் பார்த்துக்கொள்ளும் விவரம் பரவவில்லை. இங்கே சொல்வதில் பெரும்பகுதி வால்வு, பெருந்தமனி அறுவை செய்தவர்களுக்கும் பொருந்தும். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் வேறு அளவு எழுதியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

நீர்ச்சத்து குறைவதால் பைபாஸ் செய்தவர் இறந்துபோகக்கூடுமா?

நேரடியாக அப்படி நடப்பது அரிது. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் பைபாஸில், முதல் ஒரு மாதத்துக்குள் இறப்பவர்கள் பெரும்பாலான நல்ல மையங்களில் 100-க்கு 1 முதல் 3 பேர். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவசரமாகச் செய்தால் இது கூடும். அந்த இறப்புகளுக்குக் காரணமாக இதயம் பலவீனப்படுவது, பக்கவாதம், கிருமித்தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றைத்தான் எழுதுவார்கள். “நீர்ச்சத்து குறைவு” என்று எழுத மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள சிலவற்றுக்கு வழி திறந்துவிடுவது அதுதான். ரத்தக் குழாய்க்குள் நீர் குறைந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் முதலில் அடிவாங்குவது சிறுநீரகம். சிறுநீரகம் தடுமாறினால் பொட்டாசியம் தாறுமாறாகும். பொட்டாசியம் தாறுமாறானால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். சாதாரண ஆள் இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் சோர்ந்து படுத்து எழுந்துவிடுவார். பைபாஸ் ஆகி மூன்றாவது வாரத்தில் இருப்பவர், பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை மூன்றையும் போட்டுக்கொண்டு அதே இரண்டு நாளைக் கடக்கிறார். வித்தியாசம் அங்கேதான்.

ஆபரேஷன் முடிந்து பார்த்தால் கை, கால், முகமெல்லாம் உப்பியிருந்தது. உப்பிய உடம்பில் நீர் குறையுமா?

குறையும். பலரைக் குழப்புவது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை ஓடவிடும் முன் காற்றில்லாமல் திரவத்தால் நிரப்ப வேண்டும். பெரியவர்களுக்கு அது ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். ஆபரேஷன் தொடங்கியதும் அது நோயாளியின் ரத்தத்தோடு கலக்கிறது. இயந்திரக் குழாய்களில் பட்டு ஓடும் ரத்தம் உடம்பெங்கும் ஓர் அழற்சியைக் கிளப்பும். அப்போது நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, உள்ளே ஓடவேண்டிய நீர் வெளியே தசைக்கும் தோலுக்கும் கசிகிறது. அழுத்தத்தைத் தக்கவைக்க மேலும் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதனால்தான் முதல் இரண்டு நாளில் எடை 2 முதல் 5 கிலோ வரை ஏறிவிடுகிறது.

வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, வாய்க்காலில் ஓட்டமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பிய உடம்பும் அப்படித்தான். தேங்கிய நீரைச் சிறுநீரகம் பயன்படுத்த முடியாது, ரத்தக் குழாய்க்குள் ஓடுவதுதான் அதற்குக் கணக்கு. இரண்டாம் மூன்றாம் நாளில் நுண்குழாய்கள் சுதாரித்துக்கொண்டு, கசிந்த நீர் உள்ளே திரும்பத் தொடங்கும். அப்போது ஃபுரோசமைடு என்ற நீர் பிரியும் ஊசி போட்டு அதைச் சிறுநீராக வெளியேற்றுவார்கள். அந்த ஊசியை ஒரு நாள் முந்திப் போட்டாலோ, எடை பழைய நிலைக்கு வந்தபிறகும் தொடர்ந்தாலோ வாய்க்கால்தான் வற்றும்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்கிறார்களே?

மயக்க மருத்துவர்களின் இன்றைய நெறி அவ்வளவு கடுமையானதல்ல. மயக்கம் கொடுப்பதற்கு 8 மணி நேரம் முன்பே எண்ணெய்ப் பலகாரம், அசைவம் நிறுத்த வேண்டும். 6 மணி நேரம் முன்பே இட்லி போன்ற லேசான உணவும் பாலும் நிறுத்த வேண்டும். தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். நீண்டகாலச் சர்க்கரை நோயால் இரைப்பை மெதுவாக இயங்குபவர்களுக்கும், கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் இது மாறும். காலை 7 மணிக்கு என்று சொன்ன ஆபரேஷன் மதியம் 1 மணிக்குத் தள்ளிப்போவது சகஜம். அப்படித் தள்ளிப்போனால் “இப்போது தண்ணீர் கொடுக்கலாமா, இல்லை ட்ரிப்ஸ் போடுவீர்களா?” என்று நர்ஸிடம் கேட்டுவிடுங்கள். 15 மணி நேரம் காய்ந்த வயிற்றோடு ஆபரேஷன் மேசைக்குப் போவது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல.

சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்கள் அதை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும்போது அவை நீரையும் சேர்த்துத் தள்ளும். சர்க்கரை அளவு சரியாகவே தெரியும்போதும் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் ஆபத்தும் உண்டு. மாத்திரைப் பட்டியலில் இந்தப் பெயர்கள் இருந்தால் அட்மிஷன் போடும்போதே விரல் வைத்துக் காட்டுங்கள்.

ஐசியூவில் தாகமாக இருக்கிறது என்று கெஞ்சினாலும் பஞ்சால் உதட்டை மட்டும் நனைக்கிறார்களே?

சுவாசக் குழாயை எடுத்த கையோடு தொண்டை ஒழுங்காக மூடித் திறக்காது. அப்போது குடிக்கும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சில மணி நேரம் கழித்து ஒரு ஸ்பூன் கொடுத்து, இருமல் வருகிறதா என்று பார்த்துவிட்டு, 30 மி.லி. அளவாகத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் உடம்புக்குத் தேவையான நீர் ட்ரிப்ஸ் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வாய் வறட்சிக்கு ஆக்ஸிஜன் மாஸ்க்கும் ஒரு காரணம்.

அங்கே நீர் போதுமா, போதாதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கட்டிலுக்குக் கீழே தொங்கும் சிறுநீர்ப் பையைப் பாருங்கள். அதன் மேல்பகுதியில் கோடு போட்ட சிறிய அறை ஒன்று இருக்கும். மணிக்கு ஒரு முறை அதைப் படித்துச் சார்ட்டில் எழுதிவிட்டுக் கீழே திறந்துவிடுவார்கள். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை மி.லி. வர வேண்டும். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி. தொடர்ந்து 6 மணி நேரம் அதற்குக் கீழே போனால் சிறுநீரகத்துக்கு அடிபடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சிறுநீர் குறைந்தது, பிரஷர் இறங்கியது என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு ட்ரிப்ஸைத் திறந்துவிட முடியாது. காரணம் நான்கில் ஒன்றாக இருக்கலாம்: குழாய்க்குள் நீர் போதவில்லை, உள்ளே ரத்தம் கசிகிறது, இதயம் பலமாக அழுத்தவில்லை, ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிட்டன. நீர் போதவில்லையா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. படுத்த நிலையில் இரண்டு காலையும் 45 பாகை உயர்த்துவார்கள். காலிலிருந்து ஏறக்குறைய 300 மி.லி. ரத்தம் இதயத்துக்கு இறங்கும். அதனால் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் கூடினால் நீர் ஏற்றுவது பலன் தரும். மாற்றமே இல்லையென்றால் எவ்வளவு ஏற்றினாலும் அது நுரையீரலில்தான் போய்ச் சேரும்.

நெஞ்சிலிருந்து வரும் வடிகுழாயும் பேசும். மணிக்கு 200 மி.லி.க்கு மேல் சிவப்பாகத் தொடர்ந்து வந்தால் மீண்டும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். நன்றாக வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்று, அதே நேரத்தில் பிரஷரும் இறங்கினால் அது இன்னும் மோசம். குழாய் ரத்தக்கட்டியால் அடைத்துக்கொண்டு, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை நெரிக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு “கசிவு நின்றுவிட்டது, நல்லதுதானே” என்று தோன்றும்.

கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

இதய அறுவை செய்துகொள்ளும் 100 பேரில் 20 முதல் 30 பேருக்குச் சிறுநீரகம் ஏதோ ஓர் அளவில் பாதிக்கப்படுகிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், 48 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலே, உதாரணமாக 1.0 இருந்தது 1.3 ஆனாலே, மருத்துவக் கணக்கில் அது பாதிப்புதான். இவர்களில் பெரும்பாலோர் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். எனவே “பயப்பட வேண்டாம்” என்பது சரி. “கவனிக்க வேண்டாம்” என்று எடுத்துக்கொண்டால்தான் தவறு. டயாலிசிஸ் வரை போவது 100-க்கு 1 முதல் 3 பேர். அவர்களிடையே இறப்பு பாதியை நெருங்குகிறது. சிறிய ஏற்றத்திலேயே பிடித்து நிறுத்துவதற்கு இவ்வளவு அக்கறை காட்டுவது அதனால்தான்.

ரிப்போர்ட்டில் இன்னொரு கழிவான யூரியாவையும் சேர்த்துப் பாருங்கள். யூரியா, கிரியாட்டினினைப் போல் 40 மடங்குக்கு மேல் இருந்தால், நீர் குறைந்ததால் வந்த ஏற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். குடலில் ரத்தக் கசிவு இருந்தாலும் யூரியா ஏறும். ஆஸ்பிரின் எடுப்பவருக்கு மலம் தார்போலக் கறுத்துப் போகிறதா என்று கேட்பது இதற்காகத்தான்.

டிஸ்சார்ஜில் “ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்” என்று எழுதியிருக்கிறார்கள். அது தண்ணீர் மட்டுமா?

இல்லை. காபி, டீ, பால், மோர், ரசம், கஞ்சி, ஜூஸ், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர். சோறு, காய், பழத்தில் உள்ள நீரைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அளக்க எளிய வழி: காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பி வையுங்கள். 150 மி.லி. காபி குடித்தால் அந்தப் பாட்டிலிலிருந்து 150 மி.லி. எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ரசம் ஊற்றிக்கொண்டால் அதற்கும் அப்படியே. பாட்டிலில் மிச்சமிருப்பதுதான் அன்றைக்குக் குடிக்கக்கூடிய தண்ணீர். நோயாளிக்கு என்று ஒரே டம்ளரை ஒதுக்கி, அது எத்தனை மி.லி. என்று ஒரு முறை அளந்து மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். வீட்டு டம்ளர்கள் 120-லிருந்து 250 மி.லி. வரை இருக்கும். “ஆறு டம்ளர்தான் குடித்தார்” என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு காலம்?

பிழை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. இதயத்தின் பம்ப் திறன் நன்றாக உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்கு மட்டுமே, தேங்கிய நீர் வடியும் வரை. ஆனால் சீட்டில் முடிவுத் தேதி எழுதியிருக்காது. ஜனவரியில் ஆபரேஷன் ஆனவர் மே மாதத்திலும் ஒன்றரை லிட்டரிலேயே நிற்கிறார், நீர் மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் ரிவ்யூவிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: “இந்தத் தண்ணீர் அளவு எந்தத் தேதி வரை?”, “இந்த நீர் மாத்திரை எந்தத் தேதி வரை?” பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில் பம்ப் திறன் 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு நீடிக்கலாம். அவர்கள் தாமாகத் தளர்த்தக் கூடாது.

வீட்டில் நாமே தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.

எடை பார்க்கும் மெஷின். பிரஷர் மெஷினுக்கு முன்பே இதை வாங்குங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஒரே இரவில் கொழுப்போ தசையோ ஒரு கிலோ ஏறாது, இறங்காது. நீர்தான் ஏறும், இறங்கும்.

பார்க்கும் முறை முக்கியம். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, காபி குடிக்கும் முன், ஒரே மாதிரி மெல்லிய உடையில். மெஷினை மிதியடி மேலோ பாய் மேலோ வைக்கக் கூடாது. கெட்டியான தரையில், தினமும் அதே இடத்தில் வையுங்கள். தள்ளாடினால் சுவரோரமாக வைத்து ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு எடை பார்த்தால் குறைத்துக் காட்டும். எண்ணைக் காலண்டர் தாளிலேயே எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை எடைதான் தொடக்க எண். பக்கத்திலேயே ஆபரேஷனுக்கு முந்தைய எடையையும் எழுதி வையுங்கள். ஒரு நாளில் 1 கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால் நீர் சேர்கிறது. ஆபரேஷனுக்கு முந்தைய எடைக்கும் கீழே இறங்கி, நாளுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று தொடர்ந்து குறைந்து, எழுந்தால் தலை சுற்றினால் வற்றுகிறது. இரண்டுக்கும் போன் செய்ய வேண்டியது மருத்துவமனைக்குத்தான். முதல் மாதத்தில் சாப்பாடு சரியாக இறங்காததால் வாரக்கணக்கில் மெதுவாகக் குறையும் எடை வேறு விஷயம்.

சிறுநீரின் நிறம் போதாதா?

கை கொடுக்கும், ஆனால் முழுதாக நம்ப முடியாது. டிஸ்சார்ஜில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதியிருந்தால் நீர் நிறைய இருந்தாலும் மஞ்சளாகத்தான் போகும். நீர் மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு, உடம்பு வற்றிக்கொண்டிருந்தாலும் வெள்ளையாகப் போகும். மாலையிலும் இரவிலும் போகும் சிறுநீர் கொஞ்சம் நம்பகமானது.

நாடி வேகமாக இல்லை, தாகமும் இல்லை. அப்படியென்றால் நீர் குறையவில்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. மெட்டோபுரோலால், பிசோபுரோலால் போன்ற மாத்திரைகள் நாடியை ஏறவிடாமல் பிடித்து வைக்கும், 70-லேயே நிற்கும். வயது 65-ஐத் தாண்டியவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடும். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பதும் வயதானவர்களிடம் ஏமாற்றும்.

எழுந்தால் தலை சுற்றுகிறது. என்ன செய்ய?

உட்காரவைத்துவிட்டு அளந்து பாருங்கள். 5 நிமிடம் படுத்திருக்கட்டும், பிரஷர் பாருங்கள். நெஞ்செலும்பு சேரும் வரை ஒருக்களித்து, தலையணையை மார்போடு அணைத்தபடிதான் எழ வேண்டும். நின்ற ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மீண்டும் பாருங்கள். மேல் எண் 20-க்கு மேலோ, கீழ் எண் 10-க்கு மேலோ இறங்கினால் நீர் குறைவாகவோ மாத்திரை அதிகமாகவோ இருக்கலாம். படுத்திருக்கும்போதே மேல் எண் 90-க்குக் கீழே இருந்தால் அடுத்த வேளை பிரஷர் மாத்திரையைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தலைசுற்றல், சோர்வு, குறைந்த பிரஷரோடு மூச்சு வாங்குவதும் கழுத்து நரம்பு புடைத்துத் தெரிவதும் சேர்ந்தால் அது நீர் குறைவு அல்ல. ஆபரேஷன் ஆகி ஒன்றிரண்டு வாரம் கழித்தும் இதய உறைக்குள் திரவம் சேர்ந்து நெரிக்கலாம்; ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். அந்த நிலையில் வீட்டில் தண்ணீரும் எலுமிச்சை ஜூஸும் கொடுத்துப் பார்த்து நேரத்தை இழக்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, கடுமையான காய்ச்சல் வந்தால் மாத்திரைகளை என்ன செய்வது?

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். கேட்க வேண்டிய கேள்வி இது: “வயிற்றுப்போக்கு நிற்கும் வரை இவற்றில் எதை நிறுத்தி வைக்க வேண்டும்?” வழக்கமாக டாக்டர்கள் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லும் மருந்துகள் இவை.

ஃபுரோசமைடு, டார்செமைடு, ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய நீர் மாத்திரைகள். இருக்கிற நீரையும் வெளியே தள்ளுபவை.

ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் வகைப் பிரஷர் மாத்திரைகள். ரத்த ஓட்டம் குறையும்போது சிறுநீரகம் தன் வடிகட்டிக்குள் அழுத்தத்தைத் தக்கவைக்க ஒரு தந்திரம் செய்யும்: வெளியேறும் குழாயை இறுக்கிக்கொள்ளும். இந்த மருந்துகள் அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடும். நல்ல நாளில் அது பாதுகாப்பு. நீர் வற்றிய நாளில் அதுவே பாதகம்.

மெட்ஃபார்மின். சிறுநீரகம் தடுமாறினால் இது உடம்பில் தேங்கும், அமிலம் கூடும். டாபாக்ளிஃப்ளோசின் வகையும் நிற்க வேண்டும், காரணம் முன்பே சொன்னதுதான்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ் செய்தவருக்கு எந்த நாளிலும் வேண்டாம். நீர் மாத்திரை, ராமிப்ரில் வகை மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் வற்றிய உடம்பில் சந்தித்தால் ஓரிரு நாளில் சிறுநீரகம் மடங்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் “மேல் வலிக்கு” என்று பிரித்துக் கொடுக்கும் இரண்டு மாத்திரையில் இது இருக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

நீங்களாக நிறுத்தவே கூடாதவை: ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், மெட்டோபுரோலால் வகை, இன்சுலின். வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் அதையும் போனில் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் எடுப்பவர்கள் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லையென்றால் ரத்தம் மிகவும் நீர்த்துப்போகலாம். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்க்க வேண்டும். டிகாக்ஸின் என்ற இதய மருந்து எடுப்பவர்களுக்கு அது உடம்பில் தேங்கி நஞ்சாகலாம். குமட்டலும் பார்வை மஞ்சளாகத் தெரிவதும் அடையாளம்.

நிறுத்தியதை மீண்டும் தொடங்க மறப்பது இன்னொரு விபத்து. சாதாரணமாகச் சாப்பிட்டு, குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆனதும் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள். எந்தத் தேதியில் நிறுத்தினோம் என்பதைக் காலண்டரில் எழுதுங்கள்.

ஓஆர்எஸ் கொடுக்கலாமா? உப்பு கூடாதென்று சொன்னார்களே?

வயிற்றுப்போக்கு நாளில் வெறும் தண்ணீரைவிட ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் சரி. 20.5 கிராம் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் கரைசல் அடர்ந்துபோய் வயிற்றுப்போக்கைக் கூட்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். வாந்தி இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று தொடங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை போனதற்கும் ஏறக்குறைய 200 மி.லி., மெதுவாக.

உப்புக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் சோடியம் ஏறக்குறைய 1.7 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் பரிந்துரைக்கப்படும் உச்ச அளவே 2 கிராம்தான். வெளியே போகும் நீரோடு உப்பும் போவதால் அன்றைக்கு அது தேவை. போக்கு நின்ற பிறகும் “தெம்புக்கு” என்று குடித்தால் நீர் கோர்க்கும். பம்ப் திறன் குறைந்தவர்கள் அளவைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். அட்டைப் பெட்டியில் ஸ்ட்ராவோடு விற்கும் இனிப்புப் பானங்களில் சர்க்கரை மிக அதிகம். அவை இதற்கு ஈடாகாது.

இளநீர் குடிக்கலாமா?

100 மி.லி. இளநீரில் பொட்டாசியம் ஏறக்குறைய 200 முதல் 250 மி.கி. 300 மி.லி. உள்ள காய் என்றால் 600 முதல் 750 மி.கி. ஃபுரோசமைடு மட்டும் எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறையும் போக்கு இருப்பதால், தினம் ஒன்று பெரும்பாலும் நல்லதே. ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கும், கிரியாட்டினின் ஏறியவருக்கும் பொட்டாசியம் உடம்பில் தங்கும். அவர்கள் வெயிலுக்கு நாளுக்கு மூன்று காய் குடித்தால் இதயத் துடிப்பே நின்றுபோகும் அளவுக்கு ஏறலாம். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.5-க்கும் 5-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீர்மோர் நல்லது, உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

அக்னி நட்சத்திரத்தில் எவ்வளவு குடிப்பது?

வேலூர், திருச்சி, மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் ஒன்றரை லிட்டர் போதாமல் போகலாம். எடை சொல்வதைக் கேளுங்கள்: காலை எடை முந்தைய நாளைவிட அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டர் கூடுதலாக, நாள் முழுதும் பிரித்து (பம்ப் திறன் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே). மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் நீர் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். நடைப்பயிற்சியைக் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நரம்பு எடுத்த கால் மட்டும் வீங்கியிருக்கிறது. நீர் மாத்திரையைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். பைபாஸில் இணைப்பாக வைக்க அந்தக் காலிலிருந்து சிரை (நீங்கள் நரம்பு என்பது) எடுக்கப்பட்டதால் நீர் வடிய வழி குறைந்திருக்கிறது. சில வாரம், சிலருக்குச் சில மாதம் கூட இருக்கும். உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பதும், சொல்லியிருந்தால் அழுத்தக் காலுறையும்தான் வழி. எடை ஏறாமல் ஒரு கால் மட்டும் வீங்கினால் உடம்பில் நீர் கூடவில்லை. அந்தக் கால் சிவந்து, சூடாகி, ஆடுசதை வலித்தால் உறைகட்டியோ தொற்றோ இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

நீர் குறைந்தால் புதிதாக வைத்த குழாய் அடைத்துவிடுமா?

நீர் வற்றினால் ரத்தம் தடிக்கும், ஓட்டம் மந்தமாகும். அது காலிலிருந்து எடுத்து வைத்த சிரைக்கு நல்லதல்ல. ஆனால் அந்தச் சிரைகளைக் காப்பதில் முதல் இடம் ஆஸ்பிரினுக்கும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைக்கும் புகை நிறுத்துவதற்கும்தான். முதல் வருடத்திலேயே 100 சிரைகளில் 10-க்கு மேல் அடைபடுகின்றன. மார்பின் உள்பக்கத் தமனியை வைத்துச் செய்த இணைப்பு 10 வருடம் கழித்தும் 100-ல் 90-க்குக் குறையாமல் திறந்திருக்கிறது. தண்ணீரை அதிகமாகக் குடித்து அடைப்பைத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படபடவென்று ஒழுங்கில்லாமல் அடிக்கிறது. இதற்கும் நீருக்கும் தொடர்புண்டா?

பைபாஸ் ஆனவர்களில் 100-க்கு 20 முதல் 40 பேருக்கு இதயத்தின் மேலறைத் துடிப்பு தாறுமாறாகும், பெரும்பாலும் 2 முதல் 4-ஆம் நாளில். பொட்டாசியம், மெக்னீசியம் குறைவது அதைத் தூண்டும். நீர் மாத்திரையும் வயிற்றுப்போக்கும் இரண்டையும் குறைக்கும். வீட்டில் புதிதாக இப்படி வந்தால் இசிஜி எடுக்க வேண்டும். கெண்டைக்கால் பிடித்து இழுப்பது பொட்டாசியம் குறைவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

மலச்சிக்கலுக்கு இசப்கோல்?

ஒவ்வொரு முறையும் முழு டம்ளர் தண்ணீர், ஏறக்குறைய 240 மி.லி., இல்லாமல் எடுத்தால் குடலிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும். தண்ணீர்க் கட்டுப்பாடு கடுமையாக உள்ளவர்கள் லாக்டுலோஸ் சிரப் போன்ற மாற்றைக் கேட்டு வாங்குங்கள்.

ஏகாதசி, ரம்ஜான் நோன்பு?

ஆபரேஷன் ஆன முதல் சில மாதங்களில் தண்ணீர் இல்லாத நோன்பு வேண்டாம். பிறகும் நீர் மாத்திரையோ டாபாக்ளிஃப்ளோசினோ எடுப்பவர்கள் நோன்புக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும்?

மயங்கி விழுந்தால், பேச்சு குழறினால், நெஞ்சு வலித்தால், படுத்தால் மூச்சு முட்டினால், 8 மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லையென்றால், குழப்பமாகப் பேசினால், கை கால் சில்லிட்டு வியர்த்தால். வாந்தியில் ஒரு வாய் தண்ணீர்கூடத் தங்காமல் 6 மணி நேரம் கடந்தால் ஓஆர்எஸ் பாக்கெட்டை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், ட்ரிப்ஸ் தேவை.

புறப்படும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா மாத்திரை அட்டைகளும், எடை எழுதிய காலண்டர் தாள் மூன்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் இருப்பவர் உங்களை முதல் முறையாகப் பார்க்கிறார். “10 நாள் முன்பு 64 கிலோ, இன்றைக்கு 60.5, நேற்றிரவிலிருந்து சிறுநீர் இரண்டே முறை, காலையில் நீர் மாத்திரையும் ராமிப்ரிலும் போட்டார், கடைசிக் கிரியாட்டினின் 1.2” என்று சொன்னால், ட்ரிப்ஸைத் திறப்பதா மூடுவதா என்று அவர் சீக்கிரம் முடிவெடுக்க முடியும்.